இருபத்து மூன்றாம் வரிசை, பதினேழாம் கட்டம்

எங்கள் ஊர் என்ன வடிவில் இருக்கிறது என்பதை ஆண்டுக்கு ஒரு முறை பார்ப்போம். பார்ப்பதற்கு முன்னால் ஊரைக் கட்டங்களில் அடுக்க வேண்டும். பத்தொன்பது வருடமாக அது என் வேலை.

பரப்புத் துறையின் பெரிய கூடத்தில் தரை முழுக்கக் கட்டம் போட்டிருக்கும். நாற்பது வரிசை, வரிசைக்கு நாற்பது கட்டம். ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும் ஒரு துளை. அளவர்கள் ஊருக்குள் அலைந்து சீட்டு எழுதி அனுப்புவார்கள். சீட்டில் மூன்று எண்கள் இருக்கும். கிழக்கே எவ்வளவு, வடக்கே எவ்வளவு, உயரம் எவ்வளவு. முதல் இரண்டை வைத்து நான் கட்டத்தைக் கண்டுபிடிப்பேன். மூன்றாவதன் அளவுக்கு ஒரு மூங்கில் கம்பை வெட்டி அந்தத் துளையில் நடுவேன். எல்லாத் துளையிலும் கம்பு நின்ற பிறகு, கூடம் முழுவதற்குமாக ஒரு வெள்ளைக் காடாத் துணியை விரிப்பார்கள். துறை இயக்குநர் பால்கனியில் வந்து நின்று பார்ப்பார். துணி எங்கே ஏறி எங்கே இறங்குகிறதோ அதுதான் அந்த ஆண்டுக்கு எங்கள் ஊர்.

சீட்டுகள் ஒழுங்காக வராது. ஒரே கட்டத்துக்கு மூன்று சீட்டு வரும். கூட்டி மூன்றால் வகுத்துவிடுவேன். சில சீட்டு கட்டத்தின் ஓரத்தில் விழும். நடுவுக்கு நகர்த்துவேன். சீட்டை நகர்த்தினால் அந்த இடத்தில் இருப்பதும் நகரும். போன வருடம் ஒரு டீக்கடையை முப்பது அடி நகர்த்தினேன். மறுநாள் காலை அது முப்பது அடி தள்ளி இருந்தது. கடைக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. பாய்லரை மட்டும் இரண்டு முறை தொட்டுப் பார்த்தார்.

இந்த ஆண்டு வந்த சீட்டு அறுநூற்றுப் பதினொன்று. கட்டம் ஆயிரத்து அறுநூறு. சீட்டு வராத கட்டங்களை நான்தான் நிரப்ப வேண்டும். சுற்றிலும் என்னென்ன இருக்கிறது என்று பார்ப்பேன். பக்கத்தில் இருப்பதற்குப் பங்கு அதிகம், தள்ளி இருப்பதற்குக் குறைவு. பங்கு போட்டால் ஓர் எண் வரும். அந்த எண்ணுக்கு ஒரு கம்பு. ஒரு கட்டத்துக்கு ஒன்றரை நிமிடம்.

நிரப்பிய பிறகு சிலர் ஜன்னலுக்கு வந்து முறையிடுவார்கள். ஆவணி மாதம் ஒரு பெண் வந்தாள். தன் தம்பி முன்பு போல இல்லை என்றாள்.

"எப்படி இருக்கார்?" என்று கேட்டேன்.

"பக்கத்து வீட்டுக்காரங்க மாதிரி இருக்கான்."

"நல்லவங்கதானே?"

"நல்லவங்கதான் சார்."

"அப்புறம் என்னம்மா?"

அவள் ஜன்னல் கம்பியிலிருந்து கையை எடுத்தாள். பிறகு போய்விட்டாள். எனக்கு அடுத்த வரிசை காத்திருந்தது.

செவ்வாய்க்கிழமை இருபத்து மூன்றாம் வரிசையை எடுத்தேன். சாப்பாட்டுக்கு முன்பே பதினான்காம் கட்டத்திலிருந்து இருபத்திரண்டாம் கட்டம் வரை நிரப்பினேன். ஒன்றிலும் சீட்டு இல்லை. கண் எரிந்தது. எண்கள் மட்டும்தான் தெரிந்தன. வெட்டினேன், நட்டேன், அடுத்ததற்குப் போனேன்.

எங்கள் அலுவலக நடைவழி மதியத்துக்கு மேல் நீளும். நான்கு மணிக்கு முந்நூறு அடி இருக்கும். ஐந்து மணிக்கு ஒன்றரை கிலோமீட்டர். அதனால் எல்லோரும் நான்கு மணிக்கே டிபன் பாக்ஸோடு கிளம்பிவிடுவார்கள். அன்றைக்கு நான் ஐந்துக்குத்தான் கிளம்பினேன். வாசலுக்கு வந்தபோது செருப்பு வார் அறுந்திருந்தது.

என் மனைவி பெயர் செண்பகவல்லி. வீட்டில் ஜாக்கெட் தைப்பாள். எப்போதும் யாராவது வாசலில் நின்று "அக்கா, என்னுது ரெடியா?" என்று கேட்டுக்கொண்டிருப்பார்கள். வல்லி மெஷினை நிறுத்தாமலே பதில் சொல்வாள். ரேடியோவில் செய்தி வாசிப்பவரோடு சண்டை போடுவாள். நான் உள்ளே நுழைந்ததும் குடையை எங்கே வைக்க வேண்டும் என்று சொல்வாள். தினமும் சொல்வாள்.

அன்றைக்கு அவள் கேட்டருகே நின்றிருந்தாள்.

"நாலே முக்காலுக்கு வர வேண்டிய கணவர், ஒண்ணரை மணி நேரம் தாமதமாக வந்துகொண்டிருக்கிறார்" என்றாள்.

"செருப்பு அறுந்துடுச்சு."

"பரவாயில்ல. அடுத்த கணக்கைப் போடுங்க."

அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. புடவை முழங்கால் வரை நனைந்திருந்தது. சமையலறையில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. தெளிவான தண்ணீர். அதில் சின்ன மீன்கள். படுக்கையறையின் ஒரு மூலையில் எருக்கஞ்செடி முளைத்திருந்தது. தையல் மெஷின் மீது ஒரு தவளை உட்கார்ந்திருந்தது.

நான் நாற்காலியில் உட்கார்ந்து காலைத் தூக்கி வைத்துக்கொண்டேன். நாளிதழின் ஓரத்தில் கணக்குப் போட்டேன். எங்கள் வீட்டுக்குக் கிழக்கே தேவசகாயம், ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். மேற்கே இந்திராணி டீச்சர், டியூஷன் எடுக்கிறவர். வடக்கே காலி மனை. தெற்கே குட்டை. எங்கள் சமையலறைச் சுவருக்கும் குட்டைக்கும் ஆறு அடிதான். ஆகவே குட்டைக்கு நூற்றுக்கு ஐம்பத்தெட்டு, டீச்சருக்குப் பதினெட்டு, தேவசகாயத்துக்குப் பதினைந்து, காலி மனைக்கு ஒன்பது. பங்கு போட்டால் நான்கு அடி இரண்டு அங்குலம். காலையில் அப்படி ஒரு கம்பை வெட்டியது நினைவுக்கு வந்தது. இருபத்து மூன்றாம் வரிசை, பதினேழாம் கட்டம்.

துறை அலுவலர்கள் எந்தச் சீட்டிலும் கணக்கிலும் வரமாட்டார்கள். அதனால் எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

"வல்லி" என்று கூப்பிட்டேன்.

அவள் முகத்தில் ஓர் அலை எழுந்தது. காது வரை போய்த் தொட்டது. அடங்கியது.

மறுநாள் கண்காணிப்பாளர் அப்துல் வஹாபின் மேசைக்குப் போனேன். அவர் மென்மையான மனிதர். ஓய்வு பெற எட்டு மாதம் இருந்தது. மேசையில் கை வைத்தபடியே கண் மூடி உட்கார்ந்திருப்பார். தூங்குகிறார் என்று சொல்ல முடியாது.

"ஒரு கம்பை எடுக்கணும் சார்."

"கணக்குல தப்பா?"

"கணக்கு சரிதான்."

"அப்ப எதுக்கு?"

"எங்க வீடு சார்."

அவர் கண்ணைத் திறந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்ப மாட்டிக்கொள்ள மறந்துவிட்டார்.

"தில்லைநாயகம், எங்க அண்ணனையும் நிரப்பியாச்சு" என்றார். "ரெண்டு வருசம் ஆச்சு. பாக்குறவங்க எல்லாம் நல்லா இருக்கார்னுதான் சொல்றாங்க."

"நீங்க என்ன சொல்றீங்க?"

"நான் போறதில்ல."

கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டார்.

"நட்ட கம்பை எடுக்க ரெண்டு வழிதான்" என்றார். "அசல் சீட்டு வந்தா அந்த அளவுக்கு மாத்தலாம். இல்லன்னா கட்டத்தைக் காலியா விடணும். அதுக்கு இன்மைப் படிவம்."

"படிவம் குடுங்க சார்."

"விலாசம் எழுதணும். கட்டம் காலியானா விலாசம் இருக்காது. விலாசம் இல்லாதவங்க விண்ணப்பிக்க முடியாது."

"இப்ப விலாசம் இருக்கே."

"விலாசம் இருக்கிறவங்களுக்கு இந்தப் படிவம் கிடையாது."

"இதுவரைக்கும் யாராவது வாங்கியிருக்காங்களா?"

அவர் அலமாரியைத் திறந்து காட்டினார். கட்டுப் பிரிக்காமல் கூரை வரை அடுக்கி இருந்தது.

"ஆயிரம் அச்சடிச்சாங்க. ஒண்ணு குறையல" என்றார்.

ஆகவே அசல் சீட்டுக்குப் போனேன். தலைமை அளவர் ரெஜினா மேரி பின்கட்டில் ஒரு வாளி வெந்நீரில் கால்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். எதிரே மேசை மேல் ஊர்ப்படம். கையில் ஒரு பிடி புளியங்கொட்டை. அதைப் படத்தின் மேல் வீசுவார். கொட்டை விழுந்த இடத்துக்கு நடந்து போய் அளந்து வருவார். இந்த ஆண்டு அவரும் மற்ற அளவர்களுமாக அப்படி அறுநூற்றுப் பதினொரு முறை நடந்திருந்தார்கள்.

"எங்க வீட்டை அளக்கணும்" என்றேன்.

"கேட்டு அளந்தா சிதறல் கெட்டுப் போயிடும். கொட்டை விழுந்த இடத்தைத்தான் அளக்கணும்."

"கேக்காத மாதிரி வச்சுக்குங்க."

"கேட்டுட்டீங்களே."

சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பத்து நிமிடம் ஆகியிருக்கும்.

"இன்னும் எதுக்கு நிக்கிறீங்க?" என்றார்.

"சும்மா."

"சும்மா வந்தவங்க உக்காரலாம்."

உட்கார்ந்தேன். அவர் கொட்டைகளை வீசினார். ஒன்று ரயில் பாதை மேல் விழுந்தது. ஒன்று வாளிக்குள் விழுந்தது. ஒன்று மேசையில் பட்டுத் தெறித்து என் சட்டைப் பைக்குள் போனது.

ரெஜினா மேரி என் பையைப் பார்த்தார். பெருமூச்சு விட்டார்.

"உங்க மேல விழுந்திருக்கு. நீங்க எங்க நிக்கிறீங்களோ அங்க அளக்கணும்."

"இப்ப நான் நிக்கல. உக்காந்திருக்கேன்."

"எந்திரிச்சா நிப்பீங்க."

"எந்திரிச்ச உடனே நடந்துட்டா?"

அவர் யோசித்தார். வாளியிலிருந்து ஒரு காலை எடுத்தார். பிறகு மற்றொரு காலை எடுத்தார்.

"அப்ப நானும் நடக்கணும்" என்றார்.

எழுந்தவுடனே நடந்தேன். அவர் அளவுகோலைத் தோளில் போட்டுக்கொண்டு ஈரக் காலோடு பின்னால் வந்தார். வீடு வரை நான் எங்கும் நிற்கக் கூடாது. நின்றால் அந்த இடத்தை அளந்துவிடுவார்.

ரயில்வே கேட் மூடியிருந்தது. சரக்கு வண்டி. நான் நிற்காமல் கேட்டுக்கு முன்னால் வட்டமாகச் சுற்றி நடந்தேன். ரெஜினா மேரி எனக்குப் பின்னால் சுற்றினார். இரண்டு சைக்கிள்காரர்கள் எங்களைப் பார்த்துவிட்டு அவர்களும் சுற்ற ஆரம்பித்தார்கள். பெட்டிகள் போய்க்கொண்டே இருந்தன. தெரிந்தவர் ஒருவர் கையைப் பிடித்து "தில்லை, சௌக்கியமா?" என்று நிறுத்தப் பார்த்தார். அவரையும் இழுத்துக்கொண்டு நடந்தேன். அவர் நாலு சுற்று சௌக்கியம் விசாரித்தார். கேட் திறந்தபோது எனக்குத் தலை சுற்றியது. ஆனாலும் நிற்கவில்லை.

வீட்டு வாசலுக்குள் காலை வைத்ததும் நின்றேன்.

ரெஜினா மேரி கோலை ஊன்றினார். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். வல்லி கூடத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவள் மேல் வெயில் விழுந்து கூரை ஓட்டில் ஒளி ஆடியது. ஒரு தட்டான் வந்து அவள் தோளில் உட்கார்ந்து பறந்தது.

"நாலு அடி ரெண்டு அங்குலம்" என்றார் ரெஜினா மேரி.

"அது நான் நட்ட கம்பு."

"இருக்கலாம்."

"இந்த வீடு அப்படி இல்லீங்க. நான் நிரப்புனதுக்கு அப்புறம்தான் அப்படி ஆச்சு."

"அளக்குறப்ப எது இருக்கோ அதைத்தான் அளப்பேன்." சீட்டில் எழுதினார். "கணக்கு நல்லாப் போடுறீங்க. ஒரு அங்குலம் பிசகல."

அவர் படியில் உட்கார்ந்து பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டார். வல்லியைப் பார்த்தார்.

"ரொம்ப அமைதி" என்றார்.

"முன்ன அப்படி இல்ல."

"எப்படி இருப்பாங்க?"

சொல்ல வாயைத் திறந்தேன். குடையைப் பற்றிச் சொல்லலாம் என்று நினைத்தேன். அதைச் சொன்னால் இவருக்கு என்ன புரியும் என்றும் நினைத்தேன்.

"ரசத்துல மிளகு அதிகமாப் போடுவா" என்றேன்.

"வேற?"

இருபத்து நான்கு வருடமாகச் சேர்ந்து இருக்கிறோம். ரெஜினா மேரி பொறுமையாகக் காத்திருந்தார். நான் மேலே பார்த்தேன். கீழே பார்த்தேன்.

"குதிகால் வலிக்கும்" என்றேன்.

"யாருக்குத்தான் வலிக்கல" என்று சொல்லிவிட்டு, சீட்டை என் கையில் கொடுத்துவிட்டு, அவர் நொண்டி நொண்டிப் போனார்.

இப்போது எங்கள் வீட்டுக்கு அசல் சீட்டு வந்துவிட்டது. இனி அந்தக் கம்பை மாற்றக் காரணம் இல்லை.

வியாழக்கிழமை விடுப்பு எடுத்தேன். வாசலில் பெண்கள் வந்து "அக்கா, என்னுது ரெடியா?" என்று கேட்டார்கள். வல்லி மேல் அலை எழுந்து அடங்கியது. அவர்கள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் காலைக் கழுவிக்கொண்டு போனார்கள். மதியம் ஓர் எருமை வந்து கூடத்தில் படுத்தது. குட்டையில் எருமை படுப்பது வழக்கம்தான். நான் அதைச் சுற்றி நடந்து போய்ப் பழைய சோற்றைப் பிசைந்து சாப்பிட்டேன். ரேடியோவைப் போட்டேன். செய்தி வாசித்தார்கள். யாரும் மறுத்துப் பேசவில்லை. செய்தி அவ்வளவு நீளமாக இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. முடிவதற்கு முன்னால் அணைத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு இயக்குநர் பார்வையிட வர வேண்டும். காலை பத்து மணிக்குத் துணி விரிப்பவர்கள் இருவரும் வடக்கு ஓரத்திலிருந்து ஆரம்பித்தார்கள். நான் கம்புகளுக்கு நடுவே நடந்து இருபத்து மூன்றாம் வரிசைக்குப் போனேன். பதினேழாம் கட்டத்தில் குனிந்து கம்பை இரண்டு கையாலும் பிடித்தேன்.

"தில்லைநாயகம்" என்று வஹாப் சார் குரல் கேட்டது. "என்ன பண்றீங்க?"

"ஒண்ணும் பண்ணல சார்."

"ஒண்ணும் பண்ணாம இருக்கத்தான் அந்தப் படிவம்."

நான் கம்பை விடவில்லை. அவர் என்னைப் பார்த்தார். பிறகு நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.

"நான் வெளிய பாத்துக்கிட்டிருக்கேன்" என்றார். "ஒரு மரம் இருக்கு. அதை இதுவரைக்கும் சரியாப் பாத்ததில்ல. அரை மணி நேரம் ஆகும்."

கம்பைப் பிடுங்கினேன். எளிதாக வந்துவிட்டது. நன்றாக நட்டிருக்கிறேன் என்று நினைத்திருந்தேன்.

துணி இருபத்து மூன்றாம் வரிசைக்கு வந்ததும் இருவரில் மூத்தவர் நின்றார்.

"இங்க எண் இல்லியா?"

"இல்ல."

"பூஜ்யமா?"

"பூஜ்யமும் இல்ல."

"பூஜ்யம்னா தரையோட தரையா ஒட்டிடலாம். ஒண்ணுமே இல்லன்னா துணி போடக் கூடாது."

"தெரியும்."

அவர் இடுப்பிலிருந்து கத்தரிக்கோலை எடுத்துச் சதுரமாக வெட்டினார். வெட்டிய துண்டை மடித்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு இருவரும் தெற்கே போய் விரித்து முடித்தார்கள்.

இயக்குநர் பதினொன்றே காலுக்குப் பால்கனியில் வந்து நின்றார். பின்னால் ஒருவர் குறிப்பேடு வைத்திருந்தார். ஊர் கீழே வெள்ளையாக விரிந்து கிடந்தது. வடமேற்கில் மலை. நடுவே பள்ளம். ரயில் பாதை ஒரு மடிப்பு. எல்லாம் வழுவழுப்பாக இருந்தன. இயக்குநர் கொட்டாவி விட்டார். பாதிக் கொட்டாவியில் நிறுத்தினார்.

"அந்த ஓட்டை என்ன?"

வஹாப் சார் இன்னும் மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாராவது போய்ப் பாருங்க" என்றார் இயக்குநர்.

"நான் போறேன் சார்" என்றேன்.

பிடுங்கிய கம்பு என் கையிலேயே இருந்தது. துணியின் ஓரத்தைத் தூக்கி உள்ளே நுழைந்தேன். துணிக்கு அடியில் வெளிச்சம் பால் போல இருந்தது. சில இடத்தில் நிமிர்ந்து நடந்தேன். சில இடத்தில் தவழ்ந்தேன். எல்லாக் கம்பும் நான் நட்டவைதான். எது சீட்டு வந்த கம்பு, எது நான் நிரப்பிய கம்பு என்று பார்த்துக்கொண்டே போனேன். அடையாளம் தெரியவில்லை. இருபத்து மூன்றாம் வரிசைக்குப் போக நாற்பது நிமிடம் ஆயிற்று. முழங்கை தேய்ந்துவிட்டது.

பதினேழாம் கட்டத்தில் மேலே சதுரமாக வெளிச்சம் விழுந்தது. கீழே துளை இருந்த இடத்தில் எங்கள் வீட்டுப் படி இருந்தது. மூன்று படி. இறங்கினேன்.

வீடு காய்ந்திருந்தது. மீன் இல்லை. எருக்கஞ்செடி இல்லை. ஜன்னல் நான்கும் திறந்திருந்தன. வெளியே ஒன்றும் இல்லை. இருட்டும் இல்லை, வெள்ளையும் இல்லை. வல்லி சமையலறைத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து குதிகாலை அழுத்திக்கொண்டிருந்தாள்.

"வல்லி."

"என்ன?"

அவள் குரல்தான். கரகரவென்று இருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

"வந்துட்டியா?" என்றேன்.

"நான் எங்க போனேன், வர்றதுக்கு? எருமைதான் போயிடுச்சு."

அவள் எதிரே உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். வரிசையைச் சொன்னேன், பங்கு போட்டதைச் சொன்னேன், ரயில்வே கேட்டில் சுற்றியதைச் சொன்னேன். அவள் குதிகாலை அழுத்துவதை நிறுத்தாமல் கேட்டாள்.

"நீங்கதான் நிரப்புனீங்களா?"

"ஆமா. எந்தக் கட்டம்னு பாக்கல."

"பாத்திருந்தா நிரப்பியிருக்க மாட்டீங்களா?"

யோசித்தேன். மாட்டேன் என்று சொல்லத்தான் நினைத்தேன். நாற்பது நிமிடம் துணிக்கு அடியில் தவழ்ந்து வந்திருந்தேன். பொய் சொல்லத் தெம்பு இல்லை.

"தெரியல" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். கோபம் இருந்ததா என்று பார்த்தேன். இல்லை.

"நல்லாத்தாங்க இருந்துச்சு" என்றாள்.

"எது?"

"குட்டையா இருந்தது. ஸ்டேஷன் மாஸ்டரும் டீச்சரும் பாதி நேரம் உள்ள பேசிக்கிட்டே இருந்தாங்க. அது தொந்தரவுதான். மத்தபடி நல்லா இருந்துச்சு. யாராவது எதையாவது கேட்டா அலையடிச்சிட்டுச் சும்மா இருந்தாப் போதும். பதில் சொல்ல வேண்டாம். அந்த எருமை வந்து மேல படுத்துச்சு பாருங்க, எவ்வளவு கனம்! ஆனா அது ஒண்ணும் கேக்கல. குதிகால் வலிக்கவே இல்ல."

நான் அவளை மீட்டுக்கொண்டு வந்ததாக நினைத்துத்தான் இவ்வளவு தூரம் தவழ்ந்தேன். முழங்கையில் ரத்தம் கசிந்தது. அதை அவள் பார்ப்பதற்கு முன்னால் வேட்டியால் மூடிக்கொண்டேன்.

"திரும்ப நட்டுடவா?" என்று கேட்டேன். கம்பைக் காட்டினேன். "நட்டா பழையபடி ஆயிடும். எனக்கு ஒண்ணும் இல்ல."

அவள் கம்பை வாங்கிப் பார்த்தாள். மேலிருந்து கீழ் வரை விரலால் தடவினாள்.

"ஏழு ஜாக்கெட்டு பாக்கி கெடக்கு" என்றாள். "இப்ப வந்து நிப்பாளுங்க."

"வர முடியாது. இங்க வர வழி இல்ல. தெரு இல்ல. ஊருக்கு இந்த இடம் இருக்கிறதே தெரியாது."

"நெஜமாவா?"

"ஜன்னல்ல பாரு."

அவள் எழுந்து போய் நான்கு ஜன்னலிலும் பார்த்தாள். ஒவ்வொன்றிலும் கொஞ்ச நேரம் நின்றாள். திரும்பி வந்து கம்பைக் கதவுக்குப் பின்னால் சாய்த்து வைத்தாள்.

"அப்ப இப்ப வேண்டாம்" என்றாள். "கொஞ்ச நேரம் படுக்கிறேன்."

தரையிலேயே ஒருக்களித்துப் படுத்தாள். முந்தானையை இழுத்துக் காது வரை போர்த்திக்கொண்டாள். நான் அவள் குதிகாலைப் பிடித்துவிட்டேன். நான் அதைத் தொட்டு எத்தனை வருடம் ஆகியிருக்கும் என்று கணக்குப் பார்க்கவில்லை. வெடிப்பு சொரசொரவென்று இருந்தது. ஒரு இடத்தில் அழுத்தியபோது "அங்கதான்" என்றாள். அங்கேயே அழுத்தினேன்.

அவள் மூச்சு சீரானதும் எழுந்து அரிசி களைந்தேன். இதுவரை நான் சோறு வைத்ததில்லை. பானையில் தண்ணீர் ஊற்றிவிட்டு எவ்வளவு என்று தெரியாமல் நின்றேன்.

"இன்னும் ரெண்டு விரக்கடை" என்றாள் வல்லி, கண்ணைத் திறக்காமல்.

விரலை விட்டுப் பார்த்தேன். ஊற்றினேன். அடுப்பைப் பற்ற வைத்தேன்.

மேலே சதுர வெளிச்சத்தில் ஒரு நிழல் குறுக்கே வந்தது. இயக்குநரின் குரல் கேட்டது. நெடுந்தொலைவிலிருந்து வந்தது போல இருந்தது. அவரும் களைத்திருந்தார்.

"உள்ள யாராவது இருக்கீங்களா?"

நான் வல்லியைப் பார்த்தேன். அவள் தூங்கிவிட்டிருந்தாள்.

"இல்ல சார்" என்றேன்.

"நல்லது" என்றார். யாரோ அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது.

தண்ணீர் கொதிக்க ஆரம்பித்தது. பொங்கி வழிந்துவிடாமல் மூடியைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தேன்.